12 கிலோ பாரத்துக்கு எந்த மவுண்ட்? திருமலையில் துருவ நட்சத்திரமே பனைக்குப் பின்னால்

உப்புவெளிப் பொடியன்:

வணக்கம். 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்தை இங்கே திருமலையில் (திருகோணமலையில்) நின்றே பார்த்தேன், அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கையில் இருப்பது 8 அங்குல நியூட்டோனியன் (ஆடி வைத்த தொலைநோக்கி), குவியத்தூரம் 1000 மில்லிமீற்றர். குழாய் மட்டும் 9 கிலோவுக்குக் கிட்ட. அதில் வளையங்கள், பழைய கெனன் 600டி, படத்தின் ஓரத்தைத் திருத்தும் கோமா கரெக்டர், ஒரு நட்சத்திரத்தைக் கவனித்துக் குழாயின் போக்கைத் திருத்த (கைடிங்) உதவும் சின்னக் கைட் ஸ்கோப் எல்லாம் ஏற்றினால் எடை பார்க்கும் மெஷின் 12 காட்டுகிறது. இவ்வளவையும் சுமப்பது பாவித்ததாக வாங்கிய ஒரு இகியூ5 மவுண்ட், அதாவது வானம் சுழலும் வேகத்துக்குக் குழாயைத் திருப்பும் தாங்கி. பாவம் அது.

20 விநாடி படங்களில் பாதி தேறும். ஒரு நிமிடம் திறந்தால் நட்சத்திரம் எல்லாம் முட்டை. கச்சான் காற்று அடிக்கிற நாளில் 20 விநாடியும் இல்லை, குழாய் பாய்மரம் மாதிரி ஆடும். போன தை மாதம் வளவில் வைத்து ஒரையன் நெபுலா எடுத்துக்கொண்டிருந்தேன், இரவு பத்து மணி போல மெரிடியன் ஃபிளிப் வந்தது (பொருள் வடக்குத் தெற்கு உச்சிக்கோடான மெரிடியனைத் தாண்டும்போது மவுண்ட் குழாயை மற்றப் பக்கம் மாற்றுவது), மவுண்ட் திரும்பும்போது எதிர்ப்பாரம் (குழாயைச் சமன் செய்யக் கம்பியில் மாட்டும் எடை) போய் முக்காலியின் காலில் இடித்து நின்றுவிட்டது. மோட்டார் கத்திய கத்தில் அம்மா எழும்பி வந்து "என்ன சத்தம் அது" என்று கேட்டா. நல்லவேளை பல்லுச்சக்கரம் தப்பியது.

சரி, காசு சேர்த்துவிட்டேன். ஸ்கைவாட்சர் இகியூ6-ஆர் எடுப்பதா, அல்லது இப்போது எல்லாரும் சொல்லும் ஸ்ட்ரெயின் வேவ் (வளைந்து கொடுக்கும் பல்லுச்சக்கரம் வைத்த) வகையில் ஏஎம்5 போல ஒன்று எடுப்பதா? இன்னொன்று, எங்கள் வீட்டில் இருந்து வடக்கே பார்த்தால் பனைதான் தெரியும், துருவ நட்சத்திரத்தை நான் இதுவரை இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன், அதுவும் நிலாவெளிக் கடற்கரையில். போலார் அலைன்மெண்டுக்கு (மவுண்டின் அச்சை வானத்தின் துருவத்துக்கு நேராக்க) என்ன செய்கிறீர்கள்?

ரொறன்ரோக் குளிர்:

தம்பி, பாரத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்குத்தான். கம்பனி 20 கிலோ என்று போட்டால் அது கண்ணால் பார்ப்பவனுக்கு. படம் எடுப்பவன் அதில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குதான் ஏற்றலாம். உங்களுடைய 12க்கு இகியூ6-ஆர் பொருந்தும், அதன் கணக்கு 20 கிலோ. நான் ஆறு வருடமாக அதைத்தான் பாவிக்கிறேன், பெல்ட் டிரைவ், சத்தமில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. தலை மட்டும் 17 கிலோவுக்கு மேல், முக்காலி 7½, எதிர்ப்பாரம் ஐந்து ஐந்து கிலோவாக இரண்டு. முதுகு கவனம்.

இடித்தது பற்றி: முக்காலியின் ஒரு காலைச் சரியாக வடக்குப் பார்த்து வையுங்கள், எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அங்கே வைத்தால் இடிக்காது. எனக்கு ஒரு நாளும் இடித்ததில்லை.

கோட்டையடி டீச்சர்:

அண்ணை, ரொறன்ரோவில் இடிக்காது. உங்களுக்கு அட்சரேகை 43½ பாகைக்கு மேல், திருமலைக்கு 8½. இந்த ஒரு வித்தியாசத்தில் முழுக் கதையும் மாறிவிடும், அதனால்தான் வெளிநாட்டு வீடியோ பார்த்து மவுண்ட் வாங்கின எங்கட ஆட்களில் பாதிப்பேர் பிறகு தலையில் கை வைக்கிறார்கள். (நானும் வைத்தவள்தான்.)

தம்பி, ஒரு பேனையை எடுத்து, அட்சரேகை அளவுக்கு நிமிர்த்தி, வடக்கு நோக்கிப் பிடியுங்கள். அதுதான் மவுண்ட் சுற்றும் துருவ அச்சு. ரொறன்ரோவில் அது பாதி நிமிர்ந்து நிற்கும், அதற்குச் செங்குத்தாக இருக்கிற எதிர்ப்பாரக் கம்பி கீழே இறங்கும்போது முக்காலியை விட்டு விலகி வடக்கே சரிந்து போகும். இங்கே பேனை கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. கம்பி கீழே வரும்போது ஏறத்தாழ நேராகத் தொங்கும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது? நீங்கள் புத்தகம் சொன்னபடி வடக்கே நீட்டி வைத்த கால். உச்சியில் இருக்கிற பொருளைப் படம் எடுக்கும்போது கம்பி கிழக்கு மேற்காகக் கிடையாக நிற்கும், ஒன்றும் ஆகாது. ஃபிளிப் செய்ய அது அரைவட்டம் சுற்ற வேண்டும், அந்தச் சுற்றின் நடுவில்தான் கம்பி கீழே வந்து போகும். உங்கள் ஒரையன் இரவில் நடந்தது அதேதான்.

அதனால் இங்கே காலைத் திருப்பி வைக்க வேண்டும். வடக்குத் திசை இரண்டு கால்களுக்கு நடுவில் வரட்டும், எதிர்ப்பாரம் அந்த இடைவெளிக்குள்ளால் போய் வரும். பல முக்காலிகளில் திசை நிறுத்தும் முளையைக் கழற்றி மற்றப் பக்கத்துத் துளையில் போடலாம். ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. பாரம் எல்லாம் வடக்கு நுனியில் தொங்கும், அங்கே தாங்கக் கால் இல்லை, ஆகவே கால்களை முழுதாக விரித்து, குழாயை ஏற்ற முதல் தலையின் வடக்குப் பக்கத்தைக் கையால் அமத்திப் பாருங்கள், தெற்குக் கால் எழும்புகிறதா என்று. இரண்டாவது விலை, உச்சிக்குக் கிட்டப் போகும்போது குழாயின் அடி அந்தக் கால்களில் ஒன்றுக்கு அருகில் வரும். நியூட்டோனியனுக்குக் கெமரா மேலே இருப்பதால் நீங்கள் தப்பினீர்கள். நீளமான ரிஃப்ராக்டர் (வில்லைத் தொலைநோக்கி) வைத்திருப்பவனுக்குக் கெமராவே போய்க் காலில் முட்டும். இதற்கெல்லாம் ஒரே மருந்து தலைக்கும் முக்காலிக்கும் நடுவில் ஒரு முழ உயரத் தூண் வைப்பது, அல்லது முக்காலியையே விட்டுவிட்டு நிலத்தில் தூண் கட்டுவது.

ஆக மவுண்ட் தேடும்போது முதல் கேள்வி எத்தனை கிலோ என்பதில்லை, எத்தனை பாகை வரைக்கும் இறங்கும் என்பது. சில மவுண்டுகள் 15, 20 பாகையோடு நின்றுவிடும், அதை வாங்கி இங்கே வைத்தால் ஒரு காலுக்குக் கட்டை வைத்துச் சரிக்க வேண்டியதுதான். இகியூ6-ஆர் 5 பாகை வரை இறங்கும், எங்களுக்குப் போதும். ஆனால் அந்த 8½ இல் அட்சரேகை போல்ட் முழுப் பாரத்தையும் நெம்பித் தாங்கிக்கொண்டு இருக்கும். எனது பழைய மவுண்டில் அந்த போல்ட் வளைந்தே போனது. எனவே குழாயும் எதிர்ப்பாரமும் இல்லாமல் வெறும் தலையில் 8½க்குக் கொண்டுவந்து வையுங்கள், பாரம் ஏற்றின பிறகு நுணுக்கமான திருத்தம் மட்டும்.

இந்தியாவில் காவலூரில் இருக்கிற 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைநோக்கியின் படத்தைப் பாருங்கள். அந்த இடம் 12½ பாகை. அதற்கு இப்படி எதிர்ப்பாரம் தொங்கும் மவுண்ட் இல்லை, பெரிய லாட வடிவத்தில் ஒரு வளையத்துக்குள் குழாய் கிடக்கும். எங்களுக்கு லாடம் கட்ட வசதியில்லை, முக்காலியைத் திருப்புவோம்.

ரொறன்ரோக் குளிர்:

டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். நான் ஊரை விட்டு வந்தது 1990இல், அப்போது வானத்தை நிமிர்ந்து பார்க்கிற நிலைமையில் இருக்கவில்லை. இங்கே துருவ நட்சத்திரம் கூரைக்கு மேலே நிற்கும், அந்த நினைப்பில் எழுதிவிட்டேன். பொறாமைக்கு ஒன்று சொல்கிறேன்: ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உங்களுக்கு 34 பாகை உயரத்துக்கு ஏறும். எனக்கு அது அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை.

உப்புவெளிப் பொடியன்:

டீச்சர், இது எனக்கு ஒருவருமே சொல்லவில்லை, நன்றி. இன்று பின்னேரம் வளவில் வெறும் மவுண்டை வைத்து முக்காலியைத் திருப்பிப் பார்த்தேன், கம்பி நடுவால் போகிறது, இரண்டு விரல் இடைவெளி. அப்போ ஏஎம்5? அது வெறும் 5 கிலோ, எதிர்ப்பாரமே தேவையில்லை என்கிறார்கள். எதிர்ப்பாரம் இல்லையென்றால் இடிக்கிற பிரச்சினையே இல்லைத்தானே? மோட்டார்சைக்கிளில் நிலாவெளிக்கோ குச்சவெளிக்கோ கொண்டுபோகவும் லேசு.

கோட்டையடி டீச்சர்:

லேசுதான், மறுக்கவில்லை. எதிர்ப்பாரம் இல்லாமல் 13 கிலோ, போட்டால் 20 என்பது அதன் கணக்கு. உங்களுடைய 12 அந்த 13க்குள் அடங்கும் என்று தோன்றும். ஆனால் உங்கள் குழாய் குட்டையான தடித்த சாமான் இல்லை, ஒரு மீற்றர் நீளம், நெம்பு கூடும், காற்றும் பிடிக்கும். கம்பியும் ஒரு எதிர்ப்பாரமும் எப்படியும் வேண்டிவரும், வந்தால் இடிக்கிற கதை திரும்ப ஆரம்பம். அத்தோடு 5 கிலோத் தலைக்கு மேல் 12 கிலோ என்றால் முக்காலி கவிழாமல் இருக்க அதன் அடியில் கல்லுப்பை தொங்கவிட வேண்டும், பாரம் குறைந்தது எங்கே?

இன்னொரு விஷயம். ஸ்ட்ரெயின் வேவ் மவுண்டில் பல்லுச்சக்கரத்தின் சுழல்பிழை (ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஆட்டம்) பெரிது, ஏஎம்5க்குக் கம்பனி சொல்வதே ±20 விகலைக்குள் (ஒரு பாகைக்கு 3600 விகலை) என்று. உங்கள் கெமராவின் பிக்சல் 4.3 மைக்ரோன், 206ஐ அதனால் பெருக்கி 1000ஆல் பிரித்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.9 விகலை. அந்த மேலும் கீழுமான ஆட்டம் மொத்தம் 40 விகலை, அதாவது நாற்பதுக்கு மேல் பிக்சல். கைடிங் இல்லாமல் அதில் ஒன்றும் எடுக்க முடியாது, கைடிங்கும் ஒரு விநாடிக்கு ஒரு தரம் அல்லது அதைவிட வேகமாகத் திருத்தவேண்டும். நன்றாகக் கைடிங் செய்தால் அருமையாக ஓடும், ஓடுகிற ஆட்களைத் தெரியும். ஒரு முகில் வந்து கைட் நட்சத்திரத்தை மூடினால் அந்தப் படம் போச்சு. இகியூ6 வகையில் சுழல்பிழை 479 விநாடிக்கு ஒரு சுற்று, மெதுவாகப் போகும், கைடிங் அரை நிமிடம் விட்டாலும் பொறுத்துக்கொள்ளும்.

சின்ன ரிஃப்ராக்டர் வைத்துப் பயணம் போகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்5. 8 அங்குல நியூட்டோனியனை வளவில் வைத்து எடுக்கிற உங்களுக்கு நான் பாரமானதைத்தான் சொல்வேன்.

கிண்ணியா வெல்டிங்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை, இரும்பைப் பார்க்கிற ஆள். என்ட மச்சானுக்கு இந்த நோய் இருக்கு, அவனுக்கு ஒரு தூண் செய்து கொடுத்தேன், அவன்தான் இதை வாசிக்கச் சொல்லி அனுப்பினான்.

தம்பி, உங்கட பக்கம் மணல். மணலில் முக்காலி வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு கால் கொஞ்சம் இறங்கும், நீங்கள் பக்கத்தில் நடந்தாலே இறங்கும். இரண்டரை அடி சதுரமாக மூன்று அடி ஆழத்துக்குத் தோண்டி, அடியில் கல்லுப் போட்டு, கம்பிக் கூடு கட்டி, ஒன்றுக்கு இரண்டு நாலு கலவையில் கொங்கிரீட் போடுங்கள். மேலே எட்டு அங்குல பிவிசி பைப்பை நிறுத்தி அதற்குள்ளும் கம்பியோடு கொங்கிரீட். பைப்பைக் கழற்றத் தேவையில்லை, உப்புக்காற்றுக்கு அதுவே சட்டை. மழைக்காலத்தில் போடாதீங்க, ஐப்பசிக்கு முந்தி முடிச்சுப்போட்டு ஒரு மாதம் தண்ணி ஊற்றிக் காய விடுங்க. தூணைச் சுற்றி நிலத்துக்குச் சீமெந்து போடுவதென்றால் தூணோடு ஒட்டாமல் ஒரு அங்குலம் இடைவெளி விடணும், இல்லாட்டி உங்கட காலடி எல்லாம் தூணுக்குள் ஏறும்.

மேல் தகடு விஷயத்தில் என்ட மச்சான் முதலில் யூடியூப் பார்த்து ஒரு சாமான் கேட்டான்: இரண்டு தகடு, நடுவில் ஒரு அடி நீளத்துக்கு மூன்று நூல் கம்பி, எலிக்கூடு மாதிரி. செய்தும் கொடுத்தேன். தட்டிப் பார்த்தால் தூண் அசையவில்லை, கூடு ஆடுது! பிறகு கம்பியை வெட்டி இரண்டு தகட்டுக்கும் நடுவில் நட்டு ஒன்று மட்டும் நிற்கிற மட்டுக்குக் கொண்டுவந்தேன், ஆட்டம் போச்சு. மட்டம் பார்க்கத்தான் அந்த நட்டு, உயரம் தூக்க இல்லை.

இரும்புத் தூண்தான் வேணும் என்றால் பைப்புக்குள்ளே காய்ந்த ஆற்று மணலை நிரப்புங்க, வெறும் பைப் மணி மாதிரி அதிரும். போல்ட் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ், கடையில் சும்மா ஸ்டெயின்லெஸ் என்று தருவது 304, உப்புவெளியில் இரண்டாம் வருடமே அதில் கறள் புள்ளி தெரியும். மவுண்டின் நடு போல்ட்டை அளந்து சொல்லுங்க, அதைப் பார்த்துத் தகட்டில் துளை போடலாம். தூணுக்கு உயரம் கூட வேணாம். காற்றுக்கு வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கம் வைத்தால் கச்சான் நேரே அடிக்காது.

உப்புவெளிப் பொடியன்:

நானா, இதைத்தான் தேடினேன். சுவருக்குக் கிழக்கே வைத்தால் மேற்கு வானம் பாதி போய்விடும், பரவாயில்லை, ஃபிளிப்புக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் போதும். நான் எடுக்க நினைப்பது அதிகமும் தெற்கிலும் உச்சியிலும்தான்.

மிச்சம் இருப்பது பனை. தூண் கட்டினால் இடம் மாறாது, ஒருமுறை அலைன் பண்ணினால் நெடுநாள் நிற்கும் என்று தெரியும். ஆனால் அந்த ஒருமுறை எப்படி?

கோட்டையடி டீச்சர்:

கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் பத்துப் பாகை. துருவ நட்சத்திரம் அதற்கும் கீழே. 100 மீற்றர் தள்ளி நிற்கிற 15 மீற்றர்ப் பனை அதைச் சரியாக மறைத்துவிடும். பனையை வெட்ட வேண்டாம். தெரிந்தாலும் அது பெரிய உதவி இல்லை: அந்த உயரத்தில் வளிமண்டலம் ஒளியை வளைத்து நட்சத்திரத்தை ஏறத்தாழ 6 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) உயர்த்திக் காட்டும், புகாருக்குள்ளால் மங்கியும் தெரியும். 6 கலை பிழையென்றால் நிமிடத்துக்கு ஒன்றரை விகலை மட்டும் நகரும், கைடிங் பார்த்துக்கொள்ளும், பயப்படத் தேவையில்லை.

கணினி வைத்து எடுக்கிறீர்கள் என்றால் நினா மென்பொருளில் மூன்று புள்ளி போலார் அலைன்மெண்ட் என்று ஒரு இணைப்பு உண்டு. வானத்தில் எங்கே திறப்பு இருக்கிறதோ அங்கே மூன்று படம் எடுத்து, மவுண்டின் அச்சு எங்கே பார்க்கிறது என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும், வடக்கு தெரியவே தேவையில்லை. ஷார்ப்கேப் மென்பொருளில் உள்ள முறைக்குத் துருவத்தைச் சுற்றிய வானம் தெரிய வேண்டும், அது உங்களுக்குச் சரிவராது.

கணினி இல்லாவிட்டால் பழைய டிரிஃப்ட் முறை, நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்ப்பது. முதலில் வானநடுவரைக்கும் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) மெரிடியனுக்கும் கிட்ட ஒரு நட்சத்திரம், இங்கே அது கிட்டத்தட்டத் தலைக்கு மேலே. அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே கூடிப்போயிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அதைத் திருத்தின பிறகு கிழக்கே இருபது பாகை உயரத்தில் ஒன்று: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் பிடிக்கும், நுளம்புத்திரி கொளுத்திக்கொண்டு இருங்கள். கணினி இருந்தால் கைடிங் மென்பொருளான பிஎச்டி2 இல் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது.

சமநிலை பார்க்கும்போது கிழக்குப் பக்கம் ஒரு துளி பாரம் கூட வையுங்கள், பற்கள் ஒரே பக்கமாக ஒட்டி நிற்கும். ஃபிளிப்புக்குப் பிறகு அது மேற்கே போய்விடும், திரும்ப எதிர்ப்பாரத்தை ஒரு விரல் நகர்த்த வேண்டும். சோம்பல் என்றால் விட்டுவிடுங்கள், நானும் பல நாள் விட்டிருக்கிறேன். மின்சாரம் சுவரில் இருந்து எடுக்க வேண்டாம், கரண்ட் ஒரு கணம் போய் வந்தாலே மவுண்ட் தான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடும். 12 வோல்ட் பெட்டறி ஒன்று வையுங்கள்.

ரொறன்ரோக் குளிர்:

பெட்டறி வயரைத் தொங்கவிடாதீர்கள் தம்பி, கெமரா வயரையும். மவுண்ட் சுற்றும்போது இழுபடும், காற்றில் ஆடும், பிறகு கைடிங் சரியில்லை என்று மூன்று மாதம் மென்பொருளைத் திட்டுவீர்கள். நான் திட்டினேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, அச்சுக்கு அருகால் இறக்குங்கள். இந்த அறிவுரை எந்த அட்சரேகைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன், டீச்சர் திருத்தலாம்.

கோட்டையடி டீச்சர்:

திருத்த ஒன்றுமில்லை அண்ணை.

உப்புவெளிப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. இகியூ6-ஆர் என்று முடிவு. கொழும்பில் ஒருவர் பாவித்தது ஒன்று வைத்திருக்கிறார், போய்ப் பார்த்து அட்சரேகை போல்ட் வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கப் போகிறேன். வருகிற கிழமை போயா லீவு இருக்கிறது, போய் வர வசதி. லீவு தருகிற நாளெல்லாம் பூரணை என்பதால் இந்த நாட்டில் படம் எடுக்கிறவனுக்கு லீவால் வேறு பிரயோசனமும் இல்லை.

நானா, மவுண்டைக் கொண்டுவந்து நடு போல்ட்டை அளந்துவிட்டு வெள்ளிக்கிழமை பாலம் தாண்டி வருகிறேன். கடை எத்தனை மணி வரை?

கிண்ணியா வெல்டிங்:

ஜும்ஆ முடிஞ்சு இரண்டு மணிக்குப் பிறகு வாங்க. போல்ட்டை அளந்து வர வேணாம், கழற்றிக் கொண்டு வாங்க.